ஈரச் சுவரின் மாணவி

மழை விட்டதும் ரூய்யுன் முதலில் அடுப்பை அணைப்பாள். சோறு பாதி வெந்திருந்தாலும் சரி, எண்ணெயில் டோஃபு கிடந்தாலும் சரி. பிறகு மூங்கில் முக்காலியை ஒரு கையிலும் ரப்பர் பூட்சை மறு கையிலும் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். வாசலைத் தாண்டிய பிறகுதான் பூட்ஸ் காலில் இல்லை, கையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். தெருவிலேயே ஒற்றைக் காலில் நின்று மாட்டிக்கொள்வாள்.

ஆற்றங்கரைச் சந்தின் கோடியில் பழைய தானியக் கிடங்கின் பின்சுவர் இருக்கிறது. முப்பது தப்படி நீளம், இரண்டாள் உயரம். அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அரைமணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது.

அந்தச் சுவருக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு அடித்து நாற்பது வருஷம் இருக்கும். அதன் பிறகு அடித்ததெல்லாம் மழைதான். ஓட்டு விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர் கறுப்பாகவும் சாம்பலாகவும் கோடு கோடாக இறங்கி, பாசி பிடித்து, காய்ந்து, மறுபடி நனைந்து, சுவர் முழுக்க மலையாக ஆகியிருந்தது. சின்ஆன் ஆற்றோரத்தில் இந்த மாதிரிச் சுவர்கள் ஏராளம். மற்றவர்கள் அதை அழுக்கு என்பார்கள்.

"நனைஞ்சிருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, மொத்தமும் இருட்டு" என்பாள் ரூய்யுன். "காய ஆரம்பிக்கும் பாருங்க, அப்பதான் பாடம். முதல்ல உச்சி தெரியும். அப்புறம் தோள்பட்டை. கடைசியாத்தான் காலு. மலையில மூடுபனி விலகறதும் இப்படித்தான். மலைக்குப் போனா நாள் பூரா காத்துக் கிடக்கணும். இது அரைமணியில காட்டிடும்."

சுவருக்கு முன்னால் அவள் தாளை விரிப்பதில்லை. பார்ப்பதோடு சரி. வரைவது வீட்டில், சமையல் மேசையில். ஆகவே வீடு திரும்புவதுதான் கஷ்டமான காரியம். பார்த்ததைக் கண்ணுக்குள் ஏந்திக்கொண்டு, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தோடு வருகிறவளைப் போல வருவாள். சந்தில் பதினொரு வாசல்கள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் "சாப்பிட்டாச்சா?" என்பார். அதற்குப் பதில் சொல்லாமல் போனால் முகத்தில் கதவைச் சாத்தியதற்குச் சமம். எனவே வேலையில்லாத நாட்களில் அவள் கணவர் ஹூ திங்ஃபா நான்கடி முன்னால் நடப்பார். "சாப்பிட்டாச்சு, ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு, அவளும் சாப்பிட்டாச்சு" என்று இருபுறமும் சொல்லிக்கொண்டே போவார்.

"கல்யாண ஊர்வலம் போகுது, வழி விடுங்கடி" என்று டோஃபு பொரிக்கும் ஜியாங் அக்கா கரண்டியைத் தட்டுவாள்.

திங்ஃபா ஒரு சுண்ணாம்பு மேஸ்திரி. முப்பத்துநாலு வருஷமாக ஊர் ஊராகச் சுவர்களை வெள்ளையடித்துவருகிறவர். அவர் பூசிய சுவரில் மட்டை போன தடம் தெரியாது என்று மூன்று கிராமத்தில் பெயர். "ஊர் அழுக்கையெல்லாம் நான் மறைக்கறேன். இவ அதைத் தேடிப் போய்ப் பாத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வரையறா. எங்களுக்குப் பொருத்தம் பாத்த தரகியை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்" என்று அவர் அலுத்துக்கொள்வார். அலுப்பு வாயில் மட்டும்தான். மனைவியின் படம் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது அந்த அறையில் அவர் தும்மக்கூட மாட்டார். வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார்.

ரூய்யுனுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் ஐந்து வருஷம். பத்தொன்பது வருஷம் மலையடிவாரத்துக்குப் போகும் பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். அந்த வண்டியில் கண்டக்டர் இருக்கை பின்பக்கம் பார்த்து இருக்கும். ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் மலைகள் எதிரே வரும். அவளுக்கு மட்டும் அவை விலகிப் போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மலை, தலையைச் சாய்த்து விடைபெறுகிற மாதிரி மறையும். அதை டிக்கெட் கட்டின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கிவைப்பாள். மாவட்டக் கலாசார மன்றத்தில் ஒரு பேராசிரியர் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, "உங்க மலையெல்லாம் ஏம்மா ஊரைவிட்டுப் போற மாதிரி இருக்கு?" என்று கேட்டாராம். "சீட்டு அப்படி, சார்" என்றாளாம் இவள்.

வீட்டில் மாட்டியிருந்த கடன் சங்கத்துக் காலண்டர்தான் அவள் பார்த்து எழுதிய முதல் பாடம். பழைய ஓவியர்களின் மலையும் அருவியும் மாதத்துக்கு ஒன்றாக அச்சடித்த காலண்டர். பன்னிரண்டையும் பன்னிரண்டு தடவைக்கு மேல் பார்த்து வரைந்தாள். காலண்டரில் படத்துக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு தேதிகள். தேதியை வரையத் தேவையில்லை என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். அந்தப் பழக்கம் போகவே இல்லை. இன்றும் அவள் படத்தின் அடிப்பகுதி வெறும் தாள்தான். பார்க்கிறவர்கள் அதை ஆறு என்கிறார்கள், பனி என்கிறார்கள், ஒருவர் ஞானம் என்றுகூடச் சொன்னார். "அது ஜனவரி, பிப்ரவரி" என்பாள் அவள், அடக்கமாக.

கறுப்பைக் கற்றுக்கொண்டது அப்பாவிடம். அவர் படம் வரையும் மைக்கட்டி செய்கிற ஆலையில் சம்மட்டி அடித்தவர். எண்ணெய்ப் புகைக்கரியையும் பசையையும் பிசைந்து, மாவு உருண்டையைப் போல வைத்து, ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். உடைந்த துண்டுகளை மகளுக்குக் கொண்டுவருவார். அவள் அவற்றைத் தண்ணீரில் உரைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். காக்கைக் கறுப்பு, கத்தரிக்காய்க் கறுப்பு, கண்மணிக் கறுப்பு. இன்னொரு கறுப்புக்கு ஜியாங் அக்காவின் வாணலி என்று பெயர். பனிக்கு ஆசிரியரும் அந்த ஜியாங் அக்காதான். அவள் கடையில் தட்டுத் தட்டாகப் பூசணம் பூக்க வைத்த டோஃபு இருக்கும். விரல் நீளத்துக்கு வெள்ளை ரோமம் முளைத்து நிற்கும். ரூய்யுன் குனிந்து அதன்மேல் மெல்ல ஊதி, ரோமம் எப்படிச் சாய்கிறது, எப்படி நிமிர்கிறது என்று பார்ப்பாள்.

"வாங்கப் போறியா, ஊதப் போறியா?"

"ஊதிட்டு வாங்கறேன், அக்கா."

"ஊதினதை வேற யாருடி வாங்குவா? எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போ."

அன்று திங்ஃபாவுக்கு இரண்டு வேளையும் டோஃபுதான்.

மூன்று வருஷமாக அவள் ஒரே ஒரு படத்தை வரைந்துகொண்டிருந்தாள். கிடங்குச் சுவரை இடமிருந்து வலமாக ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒன்பது தாள்களை ஒட்டிய நீளச் சுருள். எட்டு முடிந்திருந்தன. ஒன்பதாவது, சுவரின் கிழக்கு ஓரம். அங்கே போன குளிர்காலத்தில் ஓடு ஒன்று உடைந்து, இதுவரை நனையாத இடத்தில் புதிதாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. புதுக்கறை ஊறி நிலைக்க, பிளம் பழுக்கும் பருவத்தில் விடாமல் பெய்யும் மழைக்காலம் ஒன்று வேண்டும். மாவட்டக் கலாசார மன்றம் இலையுதிர்காலத்தில் அந்தச் சுருளை மாட்ட ஒப்புக்கொண்டிருந்தது. ஆறாம் மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். அவள் மழைக்காகக் காத்திருந்தாள்.

மழைக்கு முன்னால் கிராமக் கமிட்டிச் செயலாளர் பாவ் வந்தார்.

"அண்ணே, பதினெட்டாம் தேதி நாலு மணிக்கு மாவட்டத்துலேர்ந்து நடுவருங்க வராங்க. அழகான கிராமப் போட்டி. ஆத்தங்கரைச் சந்து முழுக்கப் பாலாட்டம் இருக்கணும். கிடங்குச் சுவரும் சேத்துதான்."

திங்ஃபா மனைவியைப் பார்த்தார். அவள் லோக்காட் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவரை விட்டுடலாமே, தம்பி. கோடியில இருக்கு, யாரு பாக்கப் போறா?"

"கோடியிலதான் அண்ணே அவங்க வண்டி நிக்கும். இறங்கினதும் அதுதான் கண்ணுல படும்." பாவ் ரூய்யுன் பக்கம் திரும்பினார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. என் போன்லயே எடுத்துத் தரேன்."

"போட்டோவுல சுவர் காயாது, தம்பி" என்றாள் ரூய்யுன். பழத்தை அவரிடம் நீட்டினாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அதுதான் திங்ஃபாவைக் குடைந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கத்தியிருக்கலாம். இது என் தொழில், கையெழுத்துப் போட்டாச்சு, கூட ரெண்டு பேர் பிழைப்பு இருக்கு என்று அடுக்கியிருக்கலாம். அவள் எதுவும் சொல்லாததால் அந்த நியாயங்களெல்லாம் வாய்க்குள்ளேயே ஊறிக் கிடந்தன. சந்தின் மறுகோடியிலிருந்து வேலையை ஆரம்பித்தார். ஒரு நாளில் முடியும் சுவருக்கு இரண்டு நாள் எடுத்தார். சுண்ணாம்பு சரியில்லை என்று மறுபடி கரைத்தார். கூட வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே பார்த்தார், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பத்து நாளாகத் தூறல்கூடக் கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் கிடங்குச் சுவருக்கு முன்னால் இரண்டு வாளித் தண்ணீரோடு நின்றார்.

"ஊத்தறேன், பாத்துக்கோ."

"வேணாம், மேஸ்திரி. வாளித் தண்ணிக்கு வழியத்தான் தெரியும், ஊறத் தெரியாது."

பதினேழாம் தேதி மதியத்துக்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது. கிழக்கு ஓரத்தை அவரே அடித்தார், வேறு யாரையும் விடவில்லை. ரூய்யுன் வந்து எல்லோருக்கும் சாமந்தித் தேநீர் ஊற்றினாள். சுவரைப் பார்த்து, "தடமே தெரியல, உங்க கை கைதான்" என்றாள். பாராட்டுத்தான். அவருக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறினாள். கலாசார மன்றத்து விண்ணப்பம் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. அதில் 'குரு' என்று ஒரு கட்டம். ரூய்யுன் அதில் 'தானியக் கிடங்கின் பின்சுவர்' என்று எழுதியிருந்தாள். நேரில் வரும்படி அங்கே வேலை பார்க்கும் சூ என்ற பெண் போன் செய்திருந்தாள்.

"அத்தை, இதுல ஒரு மனுஷங்க பேரு வேணும். இல்லேன்னா 'சுயமாகக் கற்றவர்'னு போட்டுடறேன்."

"சுயமான்னா பொய்யாயிடுமேம்மா. இத்தனை பேர்கிட்ட வாங்கினது இருக்கே."

இருவரும் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் 'பலர்' என்று எழுதினார்கள். "அப்புறம், அந்த ஒன்பதாவது பகுதி எப்ப வரும், அத்தை?" என்று சூ கேட்டாள். ரூய்யுன் பையை மூடினாள்.

அதே நேரத்தில் ஊரில் திங்ஃபா சமையலறையில் உட்கார்ந்து சட்டியின் அடிக்கரியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்து தூங்கும் நேரம். ஏணியைத் தூக்கிக்கொண்டு கிடங்குச் சுவருக்குப் போனார். கையில் கரி கரைத்த தண்ணீர், தேயிலைச் சக்கை பிழிந்த தண்ணீர் ஒரு குவளை, மூக்கு நீண்ட கெண்டி ஒன்று. கிழக்கு ஓரத்தில் உடைந்த ஓட்டுக்குக் கீழே, ஒரு பெரிய மேசை அளவுக்கு இடம். அவ்வளவு போதும். நடுவர்கள் கேட்டால் ஓடு ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். எட்டுப் பகுதிகளையும் மூன்று வருஷமாகத் தினமும் பார்த்தவர் அவர். ஒன்பதாவது எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தார்.

கெண்டியைச் சாய்த்தார். கறுப்புத் தண்ணீர் ஒரே நேராக, காயப்போட்ட நூடுல்ஸ் மாதிரி இறங்கியது. இன்னொரு கோடு. அதுவும் நேர். கையை ஆட்டிப் பார்த்தார். கோடு வளைந்தது, ஆனால் மலையாகவில்லை, பன்றி வாலானது. சுவரில் கை பட்டதே தெரியக்கூடாது என்று முப்பத்துநாலு வருஷம் பழக்கிய கை. இப்போது ஒரு தடத்தை வை என்றால் அதற்கு என்ன தெரியும்? தேயிலைத் தண்ணீரை ஊற்றிப் பாசி உண்டாக்கப் பார்த்தார். மஞ்சளாக ஒரு திட்டு. அதை மறைக்க மேலும் கரி. வியர்வை கண்ணில் இறங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வெள்ளையடித்துவிடலாம் என்று தோன்றியபோது நேரம் மூன்றரை. உள்ளங்கையாலும் சட்டை முனையாலும் அவசர அவசரமாகத் தேய்த்தார். நேற்றைய சுண்ணாம்பு முழுக்கக் காய்ந்திருக்கவில்லை. கரியோடு கலந்து குழைந்தது.

"மேஸ்திரி."

ஏணியில் நின்றபடியே திரும்பினார். ரூய்யுன் கைப்பையோடு கீழே நின்றாள். பேருந்திலிருந்து நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

"என்ன இது?"

"ஓடு ஒழுகுது" என்றார்.

"மழை எப்ப பேஞ்சுது?"

அவர் இறங்கினார். கெண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்த வயதிலும் அது எவ்வளவு முட்டாள்தனமாகத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"உனக்கு ஒன்பதாவது வேணும்ல. அதான்…"

ரூய்யுன் சுவரைப் பார்த்தாள். நூடுல்ஸ் கோடுகளைப் பார்த்தாள். "இதென்ன, எருமை மலையேறுதா?"

"அதுதான் மலை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். திங்ஃபா ஏணியை மடக்கப் போனார். "சிரி, சிரி. பாவ் வர்றதுக்குள்ள இதை வெள்ளையடிச்சாகணும், நான் சுண்ணாம்பு எடுத்துட்டு வரேன்."

"இருங்க."

சிரிப்பு நின்றிருந்தது. அவள் சுவரின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தேய்த்து அழித்த இடம். வெயிலில் அது காய ஆரம்பித்திருந்தது. உள்ளங்கை இழுத்த இழுப்பில் கரியும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று விழுங்கி, ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் நைந்து, நடுவில் எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு சாம்பல் நிறம். மேலே இருந்த அசட்டுக் கோடுகளின் காலை அது மூடிக்கொண்டு உயர்ந்தது. முக்காலி இல்லை, அவள் அப்படியே தரையில் குந்தினாள். நல்ல சட்டை, ஊருக்குப் போட்டுப்போன சட்டை, புழுதியில் படிந்தது.

"இதை எப்படிப் பண்ணினீங்க?"

"எதை?"

"இந்த மேகத்தை."

"அதை நான் பண்ணலையே. அழிக்கப் பாத்தேன்."

"எந்தக் கையால?"

அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "ரெண்டாலயும்தான்" என்றார். "முதல்ல இடது. அப்புறம் அவசரத்துல ரெண்டும்."

"வேகமாவா, மெதுவாவா?"

"பயத்துல பண்றவன் மெதுவாவா பண்ணுவான்?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உதடு எதையோ எண்ணுகிற மாதிரி அசைந்தது. பேருந்து ஜன்னலிலும் டோஃபு தட்டிலும் அவளுக்கு வருகிற அந்த முகம்தான். திங்ஃபா அதை இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர். தன் கை போன இடத்தை அவள் அந்த முகத்தோடு பார்த்து அவர் கண்டதில்லை.

சந்தின் திருப்பத்தில் கார்க் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து பாவின் குரல், வழக்கத்தைவிட இனிமையாக: "இப்படி வாங்க, ஐயா, இந்தச் சுவர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்…"

திங்ஃபா பதறிச் சுண்ணாம்பு எடுக்க ஓடப் பார்த்தார். ரூய்யுன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் உள்ளங்கை இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. நல்ல சட்டையின் கைமுனையை வாயில் வைத்து எச்சிலால் நனைத்தாள். கட்டைவிரலில் தொடங்கி, நகக்கண் வரைக்கும், ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள், காய்ந்துகொண்டிருந்த சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே.